பதினாறு பசுவும் ஐம்பதாயிரம் ரூபாயும்

நாய் குரைத்ததுதான் தொடக்கம். மகாராஷ்டிரத்தில் ஒரு கிராமம். வயலைக் காத்துக்கொண்டிருந்த ஒருவரின் நாய், அந்த வழியே போனவர்களைப் பார்த்துக் குரைத்தது. போனவர்களில் ஒருவர் கையிலிருந்த இரும்புக் குழாயால் நாயை அடித்தார். "ஏன் அடிச்சே?" என்று நாய்க்காரர் கேட்டார். அடுத்த அடி அவர் தலையில் விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. கொலை வழக்காகப் போனது, உச்ச நீதிமன்றத்தில் 2013-இல் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைந்து, ஐந்து ஆண்டுத் தண்டனையில் முடிந்தது. சட்டப் புத்தகங்களில் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கு என்று இருக்கும்.

நம் குடியிருப்பில் யாரும் இரும்புக் குழாய் எடுப்பதில்லை. ஆனால் நாய், பார்க்கிங், தண்ணீர் மோட்டார் என்று குரல் உயராத மாதம் உண்டா, சொல்லுங்கள். போன இதழ்கள் எல்லாவற்றிலும் கோட்டை, கோயில் என்று படித்துவிட்டீர்கள். இம்முறை வரலாற்றுப் பக்கத்தில் கொஞ்சம் ரத்தம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்காவது வெட்டுக்குத்து என்று கேள்விப்பட்டால் நம் பக்கத்தில் இரண்டாவதாக வரும் கேள்வி, "எவ்வளவு குடுத்து முடிச்சாங்க?" என்பது. முதல் கேள்வி "உசுருக்கு ஒண்ணும் இல்லையே?" என்பதால் நாம் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது கேள்வியை யாரும் விநோதமாக நினைப்பதில்லை. கேஸ், கோர்ட் என்று பெரம்பலூருக்கு அலைவதைவிட, மருந்துச் செலவும் மேலே கொஞ்சமும் வாங்கிக்கொண்டு முடிப்பது நல்லது என்பது ஊர் ஞானம். இந்த ஞானத்துக்கு எவ்வளவு வயது என்று தேடிப் போனால் சோழர் காலம் வரை போகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிப் பக்கம் சீயமங்கலம் என்ற ஊர். மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயில் அங்கே இருக்கிறது. சாமிக்குப் பெயர் தூணாண்டார். அங்கே கிடைத்த சோழர் காலத்துச் செய்தி இது: ஒருவன் தன் ஊர்க்காரன் ஒருவனைத் தவறுதலாக அம்பெய்து கொன்றுவிட்டான். அந்தப் பகுதியை ஆண்ட தலைவரும் நாட்டாரும் கூடினார்கள். கவனக்குறைவால் நடந்ததற்கு இவன் சாக வேண்டியதில்லை, தூணாண்டார் கோயிலில் விளக்கு எரிக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அவன் 16 பசுக்களைக் கொடுத்தான். அவற்றின் பாலிலிருந்து நெய் எடுத்து விளக்கு எரிக்க வேண்டும்.

இது தனி நிகழ்ச்சி இல்லை. வேட்டைக்குப் போனவனின் குறி தவறி ஒரு வேளாளர் மேல் அம்பு பட்ட இன்னொரு வழக்கில், 79 நாட்டு வேளாண் மக்கள் கூடிக் குற்றவாளி என்று தீர்த்து, 64 பசுக்களைக் கோயிலுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். மற்றொன்று இன்னும் வேதனையானது. ஊர் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணிடம் வரி கேட்டார். தான் வரி கட்டக் கடமைப்பட்டவள் இல்லை என்றாள் அவள். அவளைச் சத்தியச் சோதனைக்கு உட்படுத்தினார். அவள் நஞ்சு குடித்து இறந்தாள். பல நாட்டாரும் கூடி அதிகாரிமேல்தான் பழி என்றார்கள். அவர் 32 காசு கொடுத்துக் கோயிலில் விளக்கு வைத்தார். ஓர் அதிகாரியைப் பொறுப்பாளி ஆக்கிய அளவில் அந்தக் கூட்டத்தைப் பாராட்டலாம். 32 காசைப் பற்றி என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மனுநீதிச் சோழன் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கல்வெட்டில் தெரியும் சோழ நாடு உயிருக்கு உயிர் கேட்கவில்லை. பசு கேட்டது, ஆடு கேட்டது.

அந்தப் பசுக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். கோயிலில் அணையாமல் எரியும் விளக்குக்கு நந்தா விளக்கு என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு வருகிறது. இடையர் அந்த மந்தையைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய், அதாவது நாழியில் கால் பங்கு, அளக்க வேண்டும். வேறு ஊர்களில் ஒரு விளக்குக்கு 90 ஆடு என்றும் 32 பசு என்றும் இருக்கும். அந்த 32 பசுக் கணக்கை வைத்தால் சீயமங்கலத்தானுக்கு விழுந்தது அரை விளக்கு, மற்றவனுக்கு இரண்டு விளக்கு. ஆட்டு மந்தைக்குக் கல்வெட்டில் ஓர் அழகான பெயர் உண்டு: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடுகள். செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வந்துவிடும், எண்ணிக்கை குறையாது என்று பொருள். பழுவேட்டரையர் காலத்துக் கோயில்களுக்கு, நம் அரியலூர்ப் பக்கத்து மேலப்பழுவூர், கீழப்பழுவூருக்குப் போயிருந்தால் இப்படி விளக்குக்கு ஆடு கொடுத்த கல்வெட்டுகள் வரிசையாக இருப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை பக்தியால் கொடுத்தவை. பழி தீரக் கொடுத்தவற்றுக்கும் அதே கணக்குதான்.

சரி, செத்தவன் வீட்டுக்கு என்ன கிடைத்தது? கல்வெட்டு அக்கறையோடு எண்ணிச் சொல்வது பசுக்களை. கோயில் சுவரில் ஏறுவது கோயிலுக்கு வந்த வரவு என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். வீட்டுக்குத் தனியாக ஏதாவது கொடுத்திருந்தால் அது அந்தச் சுவரில் வந்திருக்காது. ஆனால் நாட்டார் கூடி யோசித்தபோது அவர்கள் கண்ணில் பட்ட பெரிய கடன் பழி, பாவம். அதை அடைக்க வழி விளக்கு. ஊருக்காகச் சண்டையிட்டு விழுந்த வீரனின் குடும்பத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கமும் அதே காலத்தில் இருந்தது. உதிரப்பட்டி என்பார்கள், ரத்தத்துக்கு ஈடான நிலம். ஆக, இழந்த குடும்பத்துக்குச் சோறு போட வேண்டும் என்பது தெரியாத சமூகம் இல்லை அது. வீரனின் வீட்டுக்குத் தெளிவாக எழுதி வைத்தார்கள்.

வடமொழிச் சட்ட நூல்கள் இந்த விஷயத்தில் காயம்பட்டவனை மறக்கவில்லை. உறுப்பில் அடிபட்டாலோ ரத்தம் வந்தாலோ, அவன் குணமாகும் செலவை அடித்தவன் கொடுக்க வேண்டும் என்று மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் சொல்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் அதையே சொல்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இன்றும் முதலில் பேசும் 'மருந்துச் செலவு' அவ்வளவு பழையது. ஆனால் அதே எட்டாம் அத்தியாயத்தில், கீழ்ச்சாதியான் எந்த உறுப்பால் மேல்சாதியானை அடிக்கிறானோ அந்த உறுப்பை வெட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக அதில் வருபவர்கள் பிராமண அதிகாரிகள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்த ஆவணம் பேசுவது அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய நிலத்தைப் பறிமுதல் செய்து விற்றதைப் பற்றி. செய்தது என்ன என்பதோடு, செய்தவன் யார், பட்டவன் யார் என்பதும் தராசில் ஏறியது.

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் கென்ட் பகுதியை ஆண்ட எதெல்பெர்ட் என்ற அரசன் சுமார் கி.பி. 600-இல் எழுதி வைத்த சட்டம், ஓர் ஓட்டல் விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். கட்டைவிரல் போனால் 20 ஷில்லிங். கட்டைவிரல் நகம் மட்டும் போனால் 3. காது அறுந்தால் 12. முன்பல் ஒன்றுக்கு 6. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் ஒன்று: பணம் அடிபட்டவன் கைக்குப் போனது. இல்லையென்றால் அவன் ஆட்கள் வாளோடு வருவார்கள். அதைத் தடுக்கத்தான் பட்டியல்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். உடையார்பாளையம், அரியலூர் பாளையக்காரர்கள் அதிகாரம் செய்த காலம், அதன்மேல் ஆற்காட்டு நவாபின் ஆட்சி, பிறகு 1801 ஜூலை 31 உடன்படிக்கையோடு கர்நாடகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. மறு ஆண்டே சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்களும், குற்ற வழக்குகளுக்கு ஃபௌஜ்தாரி அதாலத்தும் வந்தன. குரும்பலூரில் ஒரு வெட்டுக்குத்து என்றால் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் விஷயம். 1995-இல் தனி மாவட்டம் ஆகும் வரை பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில்தானே இருந்தது.

கம்பெனி என்ன சட்டத்தை எடுத்துக்கொண்டது? வங்காளத்தில் அது சுவீகரித்தது இஸ்லாமியக் குற்றவியல் சட்டம். அதில் கொலையுண்டவரின் வாரிசுகள் பழி கேட்கலாம், 'தியத்' என்ற ரத்த ஈடு வாங்கிக்கொண்டு மன்னிக்கலாம். 1790-இல் காரன்வாலிஸ் அந்த வாசலை மூடினார். வாரிசு மன்னித்தாலும் தண்டனை உண்டு என்றார். அடுத்த ஆண்டு உறுப்பை வெட்டும் தண்டனையை எடுத்துவிட்டு, ஓர் உறுப்புக்கு 7 ஆண்டு, இரண்டு உறுப்புக்கு 14 ஆண்டு சிறை என்று மாற்றினார். நல்ல மாற்றம்தான். பணக்காரன் ஏழை வீட்டு வாரிசை மிரட்டி மன்னிப்பு எழுதி வாங்குவது அதோடு குறைய வேண்டும். ஆனால் இன்னொன்றும் நடந்தது. வழக்கு அரசுக்கும் அடித்தவனுக்கும் இடையில் ஆகிவிட்டது. அடிபட்டவன் ஒதுங்கி நின்றான். இன்றும் தீர்ப்பு நகலை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் 'அரசு' என்று இருக்கும், எதிரி பெயர் இருக்கும். வெட்டுப்பட்டவர் உள்ளே அ.சா.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி. அபராதம் கட்டினால் அது கருவூலத்துக்கு. முன்பு கோயில் விளக்குக்கு, இப்போது கருவூலத்துக்கு.

மெக்காலே 1837-இல் வரைவு எழுதி, 1860-இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் காயங்களை வகை பிரித்தது. சாதாரண காயம், கொடுங்காயம். கொடுங்காயத்துக்கு எட்டு வகை. கண் பார்வை போவது, காது கேட்காமல் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது என்று போகும் அந்தப் பட்டியலில் எலும்பு முறிவோடு பல் உடைவதும் சேர்ந்தே இருக்கிறது. எதெல்பெர்ட்டின் 6 ஷில்லிங் பல் இங்கே சிறையாக மாறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பல் அப்படியே இருக்கிறது. பார்க்கிங் தகராறில் கோபத்தில் விட்ட ஒரு குத்தில் பல் உடைந்தால் அது கொடுங்காயம், ஏழு ஆண்டு வரை சிறை. பலருக்கு இது தெரியாது. கடுமையான வலியோடு, அன்றாட வேலை செய்ய முடியாமல் 20 நாள் கிடந்தால் கொடுங்காயம் என்று பழைய சட்டத்தில் இருந்ததைப் புதிய சட்டம் 15 நாளாகக் குறைத்திருக்கிறது. அரிவாள், கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் குறைந்தது ஓராண்டு. மேலே பத்தாண்டு, ஆயுள் வரை போகலாம். அடிபட்டவர் நிரந்தரமாக முடங்கிப்போனால் குறைந்தபட்சமே பத்தாண்டு. அதனால்தான் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்பார்களே அதில், மருத்துவர் எழுதும் இரண்டு வரிக்கு அவ்வளவு மதிப்பு.

அடிபட்டவருக்குப் பணம் என்ற பழைய எண்ணம் முழுதாகச் சாகவும் இல்லை. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 545-ஆம் பிரிவு, வசூலாகும் அபராதத்திலிருந்து அவருக்கு ஒரு பங்கு கொடுக்கலாம் என்றது. அபராதம் இருந்தால்தான் அது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357-ஆம் பிரிவில், அபராதம் விதிக்காத வழக்கிலும் இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம் என்று ஓர் உட்பிரிவு வந்தது. வந்து என்ன, நீதிமன்றங்கள் அதை அதிகம் தொடவில்லை.

அதைத் தொட வைத்தது 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஹரி சிங் வழக்கு. அரியானாவில் நடந்த ஓர் அடிதடி. அடிபட்டவர் உயிர் பிழைத்தார், ஆனால் அவருடைய பேசும் திறன் நிரந்தரமாகக் கெட்டுவிட்டது. கீழ் நீதிமன்றம் கொலை முயற்சி என்றது. உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், அடித்தவர்களை நன்னடத்தை உறுதியின் பேரில் விட்டுவிட்டு, தலைக்கு 2,500 ரூபாய் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் நன்னடத்தை விடுதலையை அப்படியே விட்டது. ஆனால் பேச்சை இழந்தவனுக்கு இது போதாது என்று தொகையை 50,000 ஆக்கியது. 1988-இல் ஐம்பதாயிரம் பெரிய பணம். அதோடு, இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று நாட்டின் நீதிமன்றங்களுக்கெல்லாம் சொன்னது. எனக்கு இந்தத் தீர்ப்பில் பாதி மகிழ்ச்சிதான். பேச முடியாமல் போனவர் ஐம்பதாயிரத்தை எண்ணும்போது, அடித்தவர்கள் அதே ஊரில் பேசிக்கொண்டு நடந்திருப்பார்கள். இழப்பீடு தண்டனையோடு சேர்ந்து வர வேண்டியது; தண்டனைக்குப் பதிலாக வந்தால் அது பழையபடி பசுக் கணக்கு ஆகிவிடும். பணம் கட்டியதை மட்டும் வைத்துச் சிறையைக் குறைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே பிறகு பல தீர்ப்புகளில் சொல்ல வேண்டி வந்தது.

தொடக்கத்தில் சொன்ன நாய் வழக்குக்கு இங்கே வேலை இருக்கிறது. ஐந்து ஆண்டுத் தண்டனை விதித்த அதே தீர்ப்பில், ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு பற்றி நீதிமன்றம் யோசித்தே ஆக வேண்டும், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் காரணம் எழுத வேண்டும் என்று சொல்லப்பட்டது. குற்றவாளியே யாரென்று தெரியாவிட்டாலும், அவனிடம் காசே இல்லாவிட்டாலும், அரசு நிதியிலிருந்து கொடுக்கும் ஏற்பாடும் 2009 முதல் சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கான திட்டம் 2013-இல் வந்தது. இதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும், பெரம்பலூரிலேயே இருக்கிறது.

அப்படியானால் ஊர்ப் பெரியவர்கள், அல்லது நம் அசோசியேஷன், உட்காரவைத்துப் பேசி முடிக்கக் கூடாதா? பேசலாம், ஓர் எல்லை வரை. சாதாரண காயம் என்றால் அடிபட்டவரே சமாதானம் ஆகலாம், சட்டம் இடம் தருகிறது. ஆயுதம் இல்லாத கொடுங்காயம் என்றால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். கத்தி, அரிவாள், இரும்புக் குழாய் என்று ஆபத்தான ஆயுதம் வந்துவிட்டாலோ, கொலை முயற்சி என்றாலோ, சமாதானப் பட்டியலிலேயே அந்தக் குற்றம் இல்லை. இருதரப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டாலும் வழக்கு நடக்கும். உயர் நீதிமன்றம் மட்டும் அரிதாக ரத்து செய்யலாம். அப்போதும் என்ன ஆயுதம், உடம்பில் எங்கே பட்டது என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று 2014-இல் நரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கிறது. ஆக, 'முடிச்சாச்சு' என்று வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வைப்பவர்களை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கட்டப் பஞ்சாயத்து பற்றியும் ஒரு வார்த்தை. கோயில் திருவிழாத் தகராறில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கிய ஆறுமுகம் சேர்வை வழக்கில், 2011 ஏப்ரலில், நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்றது. அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில் வந்தது தற்செயல் இல்லை. அங்கே தொகையை யார் பேசுகிறார்கள் என்பதுதான் சிக்கல். அடித்தவர் வீட்டுச் சொந்தக்காரரே நடுவராக உட்கார்ந்தால், அடிபட்டவர் எந்தத் தெருக்காரர் என்பதைப் பார்த்துத் தொகை இறங்கும். வசூலித்த தண்டத்தில் ஒரு பகுதி கோயில் செலவுக்குப் போவது இன்றும் வழக்கம். விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, யார் நெய்யில் என்பது வேறு கதை.

நீதிமன்றத்தின் வழி மட்டும் சுகமா என்றால், அதுவும் இல்லை. அபராதத்திலிருந்து இழப்பீடு என்று உத்தரவானால் மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை, மேல்முறையீடு போட்டுவிட்டால் அது தீரும் வரை பணம் கைக்கு வராது. அதற்குள் அடிபட்டவரின் பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பே முடிந்துவிடலாம். 'எவ்வளவு குடுத்து முடிச்சாங்க?' என்ற கேள்வி நம் ஊரில் உயிரோடு இருப்பதற்கு இந்தத் தாமதம் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். மருத்துவமனைக் கவுன்ட்டரில் பில் நீட்டும்போது 357-ஆம் பிரிவைக் காட்ட முடியாது.

வந்தவாசிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்று போகிறவர்கள் தேசூர் வழியாகச் சீயமங்கலம் போய்வாருங்கள். பெரிய பாறை, அதில் குடைந்த கோயில், முகப்பில் பல்லவர் தூண்கள். கூட்டம் இருக்காது. உள்ளே விளக்கைப் பார்க்கும்போது பதினாறு பசுக்களை ஓட்டிக்கொண்டு வந்தவனையும், அவன் கை அம்பால் செத்தவனின் வீட்டையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து என்னிடமும் சொல்லுங்கள். படம் எடுத்திருந்தால் அடுத்த இதழில் போடலாம்.